விளக்கு வந்ததும் விட்ட மூச்சு

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னது என் மனைவி. சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதனால் பின்னால் வரவேண்டியது முன்னாலும் முன்னால் வரவேண்டியது பின்னாலுமாக வந்து விழுந்தது. நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை என்பது போகப் போகத் தெரிந்தது. மேசையில் சாப்பாடு ஆறிப்போயிற்று. கொட்டிக் கிடந்ததை வரிசையாக அடுக்கியது மட்டும்தான் என் வேலை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இதில் யாரும் சாகவில்லை. யாருடைய வேலையும் போகவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. முடிவை முதல் பக்கத்திலேயே போட்டு உடைக்கிறவன் என்ன கதைக்காரன் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது, மூன்றாம் பகுதியில் சொல்கிறேன்.

தொடங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. எழுதிக் கைவிட்ட ஆரம்பங்களை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவளுடைய உலகம் பாதியாகச் சுருங்கி —"

(மழையே இல்லை. நல்ல வெயில். அதுவும் காலை.)

"ஜாஸ் என்னும் இசை பிறந்த சூழலைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் நாம் முதலில் —"

(இந்த 'நாம் முதலில்' வந்துவிட்டால் எனக்கே கொட்டாவி வருகிறது.)

"ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குப் பாம்புச்செவி என்று பெயர்."

இது பரவாயில்லை. இங்கிருந்தே போவோம்.

2

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குப் பாம்புச்செவி என்று பெயர். பழைய பதிவுகளைச் சுத்தம் செய்து கொடுப்பது அவள் தொழில். ஈரம் ஏறி, பூஞ்சை பிடித்து, ஒட்டுப்போட்ட நாடாக்கள் பெட்டி பெட்டியாக வரும். அவற்றிலிருந்து கீறலையும் இரைச்சலையும் ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பாள், அரிசியில் கல் பொறுக்குவதைப் போல. அடுத்த அறையில் யாராவது கைப்பேசியை மேசைமேல் வைத்திருந்தால், அது அதிரும் முன்பே இவளுக்குத் தெரிந்துவிடும் என்று சக ஊழியர்கள் சொல்வார்கள்.

(இந்த வரைவின் ஓரத்தில் அவள் பென்சிலால் எழுதியிருப்பது: "அதிர்ந்த பிறகுதான் தெரியும். ஓவரா விடாதீங்க.")

அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது இடது காது அடைத்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வலது பக்கத்தில் மட்டும் கேட்டது. இடது பக்கத்தில் யாரோ கம்பளியைத் திணித்துவிட்டுப் போனதைப் போல இருந்தது. கொட்டாவி விட்டுப் பார்த்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பார்த்தாள். தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தாள். காது திறக்கவில்லை. சரி, சாயங்காலம் சரியாகிவிடும் என்று வேலைக்குப் போனாள். சாயங்காலமும் ஆகவில்லை, மறுநாளும் ஆகவில்லை.

மற்றவர்களாக இருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். இவள் போகவில்லை. அதற்குக் காரணம் அவளுடைய அப்பா.

அப்பா பேருந்துப் பட்டறையில் மெக்கானிக். ஏறக்குறைய இவளுடைய இப்போதைய வயதில்தான் அவருக்குக் காது மந்தமாக ஆரம்பித்தது, முதலில் இடது காது. அப்புறம் வீட்டில் எல்லோரும் கத்தியே பேசப் பழகிக்கொண்டார்கள். சாதாரண நலம் விசாரிப்புகூடச் சண்டை மாதிரி இருக்கும். கேட்கவில்லை என்று சொல்ல அப்பாவுக்கு வெட்கம். எதற்கும் சிரித்துத் தலையாட்டிவிடுவார். ஒருமுறை ஒரு விருந்தில் பழைய நண்பர் ஒருவர், "வீட்ல அவ போய்ச் சேர்ந்துட்டா" என்று சொன்னதற்கு, "ரொம்ப சந்தோஷம், நான் கேட்டதா சொல்லுங்க" என்று கைகுலுக்கிவிட்டார். பக்கத்தில் நின்ற இவளுக்கு அப்போது பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. வீடு வரும்வரை அப்பாவின் கையை விடவில்லை.

டாக்டரிடம் போனால் அவர் இதற்கு ஒரு பெயர் வைப்பார். பெயர் வைத்துவிட்டால் அது வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். வைக்காதவரை ஏதோ அடைப்பு. இப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். காதை நம்பிப் பிழைக்கிறவளுக்கு இது முட்டாள்தனமான கணக்கு என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை.

(புருஷன் நான்தான். இந்தக் கதையில் எனக்கு வேலை கம்மி.)

3

அந்த வாரத்தில்தான் அந்த நாடா வந்து சேர்ந்தது.

ஒரு ஓட்டலின் அடித்தளத்தில் இருந்த சின்ன அரங்கு. மேசைகள், குடிக்க ஏதேனும் கொண்டுவரும் ஆட்கள், மூலையில் ஒரு மேடை. மேடையில் நாலு பேர்: பியானோ, சாக்ஸஃபோன், பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம், டிரம்ஸ். எவனோ ஓர் ஆர்வக்காரன் பேட்டரியில் ஓடும் ரெக்கார்டரைக் கொண்டுவந்து வைத்து, ஒரு மைக்கை மேடையைப் பார்த்தும் இன்னொன்றைக் கூட்டத்தைப் பார்த்தும் திருப்பிவிட்டிருக்கிறான். மெதுவான ஒரு பாட்டின் நடுவே மின்சாரம் போய்விட்டது.

நாடாவில் இருட்டு கேட்காது. கேட்பது வேறு. கூட்டத்தில் ஒரு 'ஹா'. ஒரு நாற்காலி விழுகிறது. சாக்ஸஃபோன் ஒரு சொல்லின் பாதியில் நிற்கிறது. பியானோ ஒரு தப்பான கட்டையில் இடறி அடங்குகிறது. பாஸ் இரண்டு அடி நடந்து பார்த்துவிட்டு நின்றுவிடுகிறது. டிரம்ஸ் மட்டும் நிற்கவில்லை. கம்பி பிரஷ்ஷால் தோலை வட்டமாகத் தேய்க்கிற சத்தம், யாரோ நிதானமாகத் தரையைப் பெருக்குவதைப் போல, போய்க்கொண்டே இருக்கிறது. வெகுநேரம் அது மட்டும்தான். அப்புறம் பியானோ ஒற்றை விரலால் தடவித் தடவி உள்ளே வருகிறது. பாஸ் வருகிறது. சாக்ஸஃபோன் விட்ட சொல்லின் மீதியை எடுக்கிறது. ஒரு கட்டத்தில் விளக்கு வந்துவிடுகிறது. அது நமக்கு எப்படித் தெரிகிறது என்றால்...

அதைப் பிறகு சொல்கிறேன். அதுதான் கதை.

இந்தப் பதிவு இசைத்தட்டாக வந்தது, கேசட்டாக வந்தது, நகல் எடுத்து நகல் எடுத்துப் பரவியது. அந்த அரங்கம் இடிந்து அங்கே வேறென்னவோ வந்துவிட்டது. பதிவுக்கு மட்டும் வயதாகவில்லை. ஏன் இப்படி நேரடிக் கச்சேரிப் பதிவுகளை ஜனங்கள் விடாமல் கேட்கிறார்கள் என்று நான் யோசித்துப் பார்த்தேன். கூடத்தில் உட்கார்ந்து செய்கிற பதிவில் தப்பு வந்தால் திரும்ப வாசிக்கலாம், பிடிக்காத இடத்தை வெட்டிவிடலாம். அது துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. நேரடிப் பதிவு ஆள் மேலேயே இருக்கிற சட்டை. கசங்கியிருக்கும், வேர்வை இருக்கும், உள்ளே ஒருவன் மூச்சு விடுவான். ஜாஸுக்கு இது இன்னும் பொருந்தும். அந்த வாசிப்பில் பாதிக்குமேல் அந்த நேரத்தில் தோன்றுவது. அடுத்த அடி எங்கே விழும் என்று வாசிப்பவருக்கே தெரியாது.

ஆனால் கேட்கிற நமக்கு ஒன்று தெரியும். அவர்கள் கரைசேர்ந்துவிட்டார்கள். சேர்ந்ததால்தான் அந்தப் பதிவு நம் கைக்கு வந்தது. இது நன்றாகத் தெரிந்திருந்தும், ஒவ்வொரு தடவையும் 'ஐயோ, விட்டுடப் போறாங்களே' என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ஒவ்வொரு தடவையும் அப்பாடா என்கிறது. முடிந்துபோன ஆபத்தைப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்க்கிற சுகம் அது. முடிவை நான் முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.*

* கூட்டத்தில் ஒருவர் அந்தப் பதிவு முழுவதும் இருமுகிறார். அவர் இருக்கிறாரோ இல்லையோ, இருமல் இன்னும் ஆறவில்லை.

4

"புதுசா கேக்கணும். நேத்து வாசிச்ச மாதிரி இருக்கணும். இருமல், கிளாஸ் சத்தம், நாற்காலி, கூட்டம், எல்லாத்தையும் தூக்கிடுங்க" என்று முதலாளி சொல்லியிருந்தார். பதிவை மறுபடி வெளியிடப்போவது அவருடைய கூடம்தான்.

கூட்டத்தைப் பார்த்து வைத்த மைக் இடது பக்கத்தில் பதிவாகியிருந்தது. ஹெட்ஃபோனை மாட்டினால் மேடை வலது காதில் விழுந்தது. இடது காதில் கம்பளி. ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டிக்கொண்டால் கூட்டம் வலது காதுக்கு வரும். முதல் நாள் அப்படிச் செய்தாள். அடுத்த மேசைக்காரன், "என்னக்கா, தலைகீழா மாட்டியிருக்கீங்க" என்று சாதாரணமாகத்தான் கேட்டான். அதற்கப்புறம் அவள் திருப்பவில்லை. திருப்புவது ஒப்புக்கொள்வதாகும்.

கண்ணால் வேலை செய்தாள். திரையில் ஒலி படமாகத் தெரியும். இருமல் ஒரு குச்சி மாதிரி நிற்கும். கண்ணாடித் தம்ளர் மேலே ஒரு மின்னல் கோடு. நாற்காலி ஒரு கரும்பொட்டு. நாடாவின் இரைச்சல் கீழிருந்து மேல்வரை பூசிய பனி. ஒவ்வொன்றாக எடுத்தாள். பாட்டின் முடிவுப் பக்கம் பனி கொஞ்சம் அடர்த்தியாக, மேகம் மாதிரி திரண்டிருந்தது. அதையும் இரைச்சல் என்று நினைத்து வழித்துவிட்டாள்.

(இந்த இடத்தில் ஒரு வரைவில், "அந்தக் கணத்தில் ஏதோ ஓர் உள்ளுணர்வு அவள் கையைத் தடுத்தது" என்று எழுதியிருந்தேன். "ஒண்ணும் தடுக்கலை. டீ குடிச்சுக்கிட்டே எடுத்தேன்" என்றாள்.)

வேலை முடிந்தது. முதலாளி கேட்டுவிட்டு, "கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஒற்றைக் காதை வைத்தே சமாளித்துவிடலாம் போலிருக்கிறதே. அடுத்த நிமிடமே அப்பாவின் சிரிப்பு ஞாபகம் வந்தது. அவரும் இப்படித்தான் சமாளித்தார்.

5

வெளியிடுவதற்கு முன் வாசித்தவர்களின் சம்மதம் வேண்டும். நாலு பேரில் கூப்பிடு தூரத்தில் இருந்தவர் டிரம்ஸ் வாசித்த அம்மாள் ஒருவர்தான். வயது எழுபதைத் தாண்டியவர். குட்டையான உருவம், ஆண்கள் போடுகிற மாதிரி பெரிய கைக்கடிகாரம், இரண்டு காதிலும் காது மெஷின்.

"எல்லாரும் என்னைத் துடைப்பம்னுதான் கூப்பிடுவாங்க. பிரஷ்ஷை வெச்சுப் பெருக்கறேன்ல, அதனால. நீயும் அப்படியே கூப்பிடு, தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"அம்மான்னே கூப்பிடறேனே."

"உன் இஷ்டம். ஆனா அம்மான்னா நான் திரும்பிப் பார்க்க மாட்டேன், பழக்கமில்லை."

இரண்டு பேரும் ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்தார்கள். துடைப்பம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்தது. கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் எதையோ எதிர்பார்க்கிறவர் மாதிரி இருந்தார்.

"சுத்தமா இருக்கு" என்றார் கடைசியில்.

"தேங்க்ஸ்மா."

"ரொம்பச் சுத்தமா இருக்கு. ஆளுங்க எங்கம்மா?"

"கூட்டத்தோட சத்தம் வேண்டாம்னு மேல சொல்லியிருந்தாங்க. இருமல், நாற்காலி எல்லாம் எடுத்தாச்சு."

"இருமல் போனா போகட்டும். அந்த மூச்சு எங்க?"

"எந்த மூச்சு?"

துடைப்பம் திரும்பி அவளைப் பார்த்தார். "நீ சுத்தம் பண்றதுக்கு முன்னாடி இருந்தது இருக்குல்ல, அதைப் போடு."

மூல நாடாவிலிருந்து எடுத்ததைப் போட்டாள். கடைசிப் பகுதியில் துடைப்பம் ஒரு விரலை உயர்த்தினார். "இப்போ." விரலைத் தாழ்த்தினார். "கேட்டியா?"

"ம், கேட்டேன்" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே தலையாட்டி.

(அப்பாவைப் போலவே சிரித்தேன் என்று இதைச் சொல்லும்போதுதான் முதல்முறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.)

துடைப்பம் எழுந்தார். நாற்காலியை இழுத்துக்கொண்டு அவளுடைய இடது பக்கத்துக்கு வந்து உட்கார்ந்தார். ஏதோ சொன்னார். இவள் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள்.

"எத்தனை நாளா?" என்பதுதான் அவர் சொன்னது. இரண்டாம் தடவை சொன்னபோதுதான் அவளுக்கு விழுந்தது.

மறுக்கலாம் என்று வாயைத் திறந்தாள். "கொஞ்ச நாளா" என்று வந்தது.

"நானும் இப்படித்தான் தலையைத் திருப்பித் திருப்பியே வருஷக்கணக்கா ஓட்டினேன். கழுத்து வலிதான் மிச்சம். பையை எடு. என் டாக்டர் சாயங்காலம் வரைக்கும் இருப்பார்."

"இன்னொரு நாள் போறேன்மா."

"அந்த இன்னொரு நாள் எனக்கு நல்லாத் தெரியும். எடு பையை."

6

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. துடைப்பத்தை நான் சரியாகத்தான் எழுதுகிறேனா? ஒரு வரைவில் ஆஸ்பத்திரி போகும் வழியில் அவரை, இசையையும் மௌனத்தையும் பற்றி ஆழமாக ஒன்று சொல்ல வைத்திருந்தேன். நன்றாகவும் வந்திருந்தது. தொலைபேசியில் அவருக்குப் படித்துக் காட்டினேன். "இது யார் சொன்னது?" என்றார். "நீங்க" என்றேன். "நான் வழி முழுக்க அந்த டிரைவர் பிரேக் போடற லட்சணத்தைத் திட்டிக்கிட்டு வந்தேன். அதைப் போடுங்க" என்றார். போட்டுவிட்டேன்.

காது டாக்டரின் முன்னறை சத்தமான இடம். வந்திருக்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கேட்காது, அதனால் எல்லோரும் உரக்கப் பேசுவார்கள். இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சுக் கொடுக்கலாம் என்று நினைத்தோ என்னவோ, துடைப்பம் ஆரம்பித்தார்.

"அந்த இருட்டைப் பத்தி என்னென்ன எழுதியிருக்காங்க படிச்சிருக்கியா? அஞ்சாத கைங்கறாங்க. இருட்டுல விளக்கு ஏத்தின தாளம்ங்கறாங்க."

"படிச்சேன்மா. கேக்கறப்பவே புல்லரிக்குது."

"உண்மையைச் சொல்லட்டா? நான் கண்ணை மூடிட்டு இருந்தேன்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"மெதுவான பாட்டுன்னா எனக்குக் கண்ணு தானா மூடிக்கும். கரண்ட் போனதே தெரியாது. நாற்காலி விழுந்தப்பக்கூட எவனோ குடிச்சுட்டு விழறான்னுதான் நினைச்சேன். நல்லா வாசிச்சிட்டிருந்தவங்க திடீர்னு ஒவ்வொருத்தரா நிறுத்தறாங்க. சரி, என்னைத் தனியா வாசிக்கச் சொல்றாங்கன்னு நினைச்சேன். ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதான்னு எரிச்சல். பிரஷ்ஷை வெச்சுக்கிட்டு தனியா என்ன பெருசா பண்றது? பெருக்கிட்டே இருந்தேன். யாரும் வர்ற மாதிரி தெரியலை. அப்புறம் பியானோக்காரன் மெல்ல உள்ள வந்தான். சரி, அவனுக்காவது மனசு இரங்குச்சேன்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"எல்லாரும் வந்தாங்க. திடீர்னு மொத்தக் கூட்டமும் பெருசா ஒரு மூச்சு விட்டுச்சு. கண்ணைத் திறந்து பார்க்கறேன். எல்லா விளக்கும் எரியுது, எப்பவும் போல."

"அப்ப நீங்க இருட்டைப் பார்க்கவே இல்லையா?"

"பார்க்கவே இல்லை. நான் வாசிச்சது முடிஞ்சதேன்னுதான் ஜனங்க மூச்சு விட்டாங்கன்னு நினைச்சேன். பின்னாடி போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். சாக்ஸஃபோன்காரர் ஓடி வந்து கட்டிப்பிடிச்சு, நீ இல்லேன்னா இருட்டுல சிதறிப் போயிருப்போம்ங்கறார். எந்த இருட்டுன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. அடக்கிட்டேன்."

எதிரே காதில் பஞ்சுக்கட்டோடு உட்கார்ந்திருந்தவர் முன்னால் குனிந்து, "கடைசி வரி விழலைங்க. கொஞ்சம் சத்தமா" என்றார். துடைப்பம் அவருக்காக இன்னொரு தடவை சொன்னார். அறையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். பாம்புச்செவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரும் சரியாக் கேக்கலையே. உங்களுக்குப் பயமா இல்லையான்னு கேப்பாங்க. இல்லைம்பேன். அது நிஜந்தானே." கொஞ்சம் நிறுத்திவிட்டு, இந்தத் தடவை மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு இருட்டு வந்துச்சுங்கறதுக்கு எனக்கு அந்த மூச்சு ஒண்ணுதாம்மா சாட்சி. நீ அதைத் துடைச்சுட்டா, மத்தவங்க சொல்றதை நம்பறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஒரு விளக்கை வைத்துக் காதுக்குள் எட்டிப் பார்த்தார். "ஹெட்ஃபோன் வேலையா?" என்றார். "ஆமாம்." "பட்ஸ் விடுவீங்களா?" "தினமும்." "அதான்" என்றார். வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சினார். தலைக்குள் அருவி விழுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஏதோ உருண்டது. கிண்ணத்தில் டொக்கென்று விழுந்தது, ஒரு மிளகு அளவுக்கு, பழுப்பாக.

விழுந்த சத்தம் இடது காதில் கேட்டது.

தொடர்ந்து எல்லாம் கேட்டது. டாக்டரின் சட்டைக் கை உரசுவது, மின்விசிறியின் நடுவில் ஒரு கிரீச், வெளியே யாரோ காகிதத்தை மடிப்பது. டாக்டர் அவளைச் சின்ன அறையில் உட்காரவைத்து முறையாகவும் சோதித்தார். இரண்டு காதும் ஒழுங்காக இருந்தன.

"எங்க அப்பாவுக்கு இந்த வயசுலதான் போக ஆரம்பிச்சுது டாக்டர்."

"அவர் என்ன வேலை பார்த்தார்?"

"பஸ் பட்டறைல மெக்கானிக். நாள் முழுக்க இன்ஜின் பக்கத்துலதான்."

"அந்தச் சத்தந்தான் அவர் காதைத் தின்னிருக்கணும். உங்களுக்கு வந்தது வெறும் குறும்பி. பட்ஸைத் தூக்கிப் போடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க, போதும்."

வெறும் குறும்பி. அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் அவள் அழுதாள். வெளியே வந்து, பஞ்சுக்கட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, துடைப்பத்தின் தோளில் சாய்ந்து விக்கி விக்கி அழுதாள். துடைப்பம் முதுகைத் தட்டிக்கொடுத்தார், ஒரே சீராக.

7

மறுநாள் காலையில் கூடத்துக்கு முதல் ஆளாகப் போய் மூல நாடாவைக் கேட்டாள். ஹெட்ஃபோனை நேராக மாட்டிக்கொண்டு.

அந்த மூச்சு ஒரே மூச்சு இல்லை. மைக்குக்குப் பக்கத்து மேசையில் ஆரம்பிக்கிறது. பின்னால் நகர்கிறது. ஒரு பெண் மூச்சின் முடிவில் லேசாகச் சிரிக்கிறாள். ஓர் ஆண் யாரிடமோ, "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்கிறான். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் கைதட்டலை எல்லோரும் அடக்கிக்கொள்கிறார்கள். அந்த அடக்கம்கூடக் கேட்கிறது. முகம் தெரியாத அத்தனை பேரும் ஒன்றாக நெஞ்சைத் தளர்த்திக்கொண்ட இடம் அது. அதைத்தான் அவள் டீ குடித்துக்கொண்டே வழித்துப் போட்டிருந்தாள்.

எடுத்தவற்றையெல்லாம் திரும்ப வைத்தாள். நாடாவின் இரைச்சலை மட்டும் கொஞ்சம் தணித்தாள். முதலாளி, "இருமலையும் சேர்த்தா விக்கறது?" என்று கேட்டார். "இருமலோட வந்தாத்தான் நான் சம்மதிப்பேன்" என்று துடைப்பம் சொல்லிவிட்டார். பதிவு இருமலோடு வெளிவந்துவிட்டது. முதலாளி இப்போது வருகிறவர்களிடமெல்லாம், கூட்டத்தை விட்டுவைத்தது தன் யோசனை என்று சொல்லிக்கொள்கிறார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு நல்லபடியாக முடிகிற கதைமேல் ஒரு அவநம்பிக்கை. குறும்பியில் முடிகிற கதையை யார் இலக்கியம் என்பார்கள்? அதனால் வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

அவளுக்கு நிஜமாகவே காது போய்விடுகிறது. மௌனத்திற்குள் அவள் கடைசியாகக் கொண்டுபோவது அந்த மூச்சு. ("உங்க வாயில நல்லதே வராதா?" என்று பக்கத்தையே கிழித்துவிட்டாள்.)

துடைப்பம் மறுபடி மேடையேறுகிறார். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டே —. ("மணிக்கட்டு போயாச்சு, தம்பி. வேற யாரையாவது ஏத்துங்க.")

எந்த முடிவும் ஒட்டவில்லை. நடந்ததே நன்றாக இருந்தது.

8

இதுவரை எழுதியதை அவள் படித்துவிட்டாள், ஓரத்தில் பென்சிலால் திருத்தியும் கொடுத்துவிட்டாள். இனி வருவதை அவள் இன்னும் படிக்கவில்லை.

இந்தக் கதையில் எனக்கு வேலை கம்மி என்று சொன்னேன். அது முழுக்கச் சரியில்லை. சாப்பாட்டு மேசையில் நான் உட்காருவது அவளுடைய இடது பக்கம். சோபாவிலும் இடது பக்கம். நடக்கும்போதும் அப்படித்தான், கல்யாணமான நாளிலிருந்து பழக்கம். அவள் காது அடைத்திருந்த அந்த நாட்கள் முழுவதும் நான் பேசியதில் பெரும்பாலானவை போய்ச் சேரவில்லை. ஒரு வேடிக்கை சொன்னால் சிரிக்க மாட்டாள். தண்ணீர் கேட்டால் எழுந்து போய்விடுவாள். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே பத்திரிகையைத் திருப்புவாள். முகத்தில் எப்போதும் ஏதோ கவலை.

ஒருநாள் காலை, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். "உனக்கு என்கூட இருக்கப் பிடிக்கலையா?" அவள் நிதானமாகத் தடவி முடித்தாள். ஓரம்வரை தடவினாள். பாதியை வெட்டி என் தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

அதை நான் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

அக்காவுக்குப் போன் பண்ணினேன். "அவளுக்கு என்மேல விருப்பம் போயிடுச்சு போலிருக்குக்கா." "நீயா எதையாவது கற்பனை பண்ணாதே. அவகிட்டயே கேளு" என்றாள் அக்கா. "கேட்டேன். பதில் சொல்லலை." அதன்பிறகு நான் வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்தேன். தண்ணீரை நானே எடுத்துக் குடித்தேன். எழுதுவதாகச் சொல்லி அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு வரிகூட எழுதவில்லை.

டாக்டரிடமிருந்து வந்த சாயங்காலம் அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். கம்பளி, அப்பா, துடைப்பம், மிளகளவு குறும்பி. சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். நிறுத்தவே முடியவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "உங்களுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டாள். "காது வந்துடுச்சே" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அவள் சிரித்தது ஒன்றுக்கு, நான் சிரித்தது வேறொன்றுக்கு.

இதை அவளிடம் சொல்லவேண்டும் என்று பலமுறை நினைத்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வராததைக் கதையில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. இந்தக் கதை பிறந்தது அதனால்தான். அடுக்கியது மட்டும்தான் என் வேலை என்று முதல் பகுதியில் சொன்னது பாதி உண்மைதான்.

மேலே உள்ள பக்கத்தை அவளிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். சமையலறையில் படித்துக்கொண்டிருக்கிறாள். பென்சிலை மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்கிறது. நாற்காலி நகர்கிறது. இதோ, பக்கத்தைக் கையில் பிடித்தபடி வாசலில் நிற்கிறாள்.

"ஏங்க."

"ம்."

"அந்த வெண்ணெய் விஷயம் கதைக்காகச் சேர்த்ததா, நிஜமா?"

கதைக்காக என்று சொன்னால், "நல்லாத்தான் இருக்கு" என்று பென்சிலை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவாள். நிஜம் என்று சொன்னால் வந்து உட்காருவாள். எது நடந்தாலும் எழுதுவதற்கு வசதியாகத்தான் இருக்கும். ஆனால் எழுதிக்கொண்டே பேச என்னால் முடியாது. பேனாவை மூடிவிட்டு அவளுக்காக நாற்காலியை இழுத்துப் போடப்போகிறேன். அப்புறம் இந்த அறையில் நாங்கள் என்ன பேசினோம் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பதிவு செய்ய ஆள் கிடையாது.